ஐதென்டிகேட்: கருவி சரி, கேட்கிற கேள்விதான் தப்பு

கான்ஃபரன்ஸுக்குப் பேப்பர் அனுப்புகிறவர்கள் பலரும் ஐதென்டிகேட் என்ற பெயரைக் கேட்டிருப்பீர்கள். கேட்காதவர்களின் பேப்பரும் அதன் வழியாகப் போய் வந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. ஒரு கட்டுரையின் வரிகள் ஏற்கனவே வெளியானவற்றோடு எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று பார்த்து ரிப்போர்ட் தரும் மென்பொருள் இது, டர்னிட்டின் நிறுவனத்தின் தயாரிப்பு. மாணவர் அசைன்மென்ட்டுக்கு டர்னிட்டின், ஆய்வுக் கட்டுரைக்கு ஐதென்டிகேட் என்று தோராயமாகப் பிரித்துக்கொள்ளலாம். ஆய்வுப் பதிப்பகங்களை உறுப்பினர்களாகக் கொண்ட கிராஸ்ரெஃப் அமைப்பு 2008-இல் கிராஸ்செக் என்று தொடங்கி இப்போது சிமிலாரிட்டி செக் என்று நடத்துகிற சேவைக்குள் ஓடுவதும் இதே எஞ்சின்தான். மின்னியல், கணினிப் பொறியாளர்களின் உலக அமைப்பான ஐஇஇஇ தன் மாநாடுகளுக்கு வரும் கட்டுரைகளை எல்லாம் சோதிக்கச் சொல்கிறது, அதற்கென்று ஒரு தளமும் வைத்திருக்கிறது. ஆக, பிடிக்கிறதோ இல்லையோ, இதோடு பழகித்தான் ஆக வேண்டும்.

பேப்பர் எழுதுகிறவனாகவும் மாநாட்டுக்குக் கட்டுரைகளைத் தேர்ந்தெடுக்கும் புரோகிராம் கமிட்டியில் உட்கார்ந்து மற்றவர்களின் ரிப்போர்ட்டைப் படிக்கிறவனாகவும் இதைப் பார்த்திருக்கிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒரே மாதிரி இருக்கும் வாக்கியங்களைக் கண்டுபிடித்துக் காட்டுவதில் இதை அடித்துக்கொள்ள ஆளில்லை, ஆனால் "இந்தப் பேப்பர் நேர்மையானதா" என்ற கேள்விக்கு இதனிடம் பதிலே கிடையாது, பல மாநாடுகள் அந்தக் கேள்வியைத்தான் இதனிடம் கேட்டுக்கொண்டிருக்கின்றன.

முதலில் நல்லதைச் சொல்வோம். இலவசமாகக் கிடைக்கிற சோதனைத் தளங்கள் பெரும்பாலும் திறந்த இணையத்தில் உள்ளதை மட்டுமே ஒப்பிடும். ஐதென்டிகேட்டின் பலம் அது இல்லை. கிராஸ்ரெஃப் உறுப்பினர்களான பதிப்பகங்கள் தங்கள் கட்டுரைகளின் முழு உரையையும் இதற்குத் திறந்துவிட்டிருக்கின்றன, அதனால் பணம் கட்டினால்தான் படிக்க முடியும் என்ற கட்டுரையிலிருந்து நாலு வரி எடுத்தாலும் மாட்டும். பத்து வருஷத்துக்கு முன் எங்கோ ஒரு சிறிய ஒர்க்‌ஷாப்பில் வந்த பேப்பரிலிருந்து ஒரு பத்தி அப்படியே வந்திருந்தால், பக்கத்திலேயே மூலத்தைத் திறந்து காட்டும். மதிப்பாய்வாளர் ஒருவர் நினைவாற்றலை மட்டும் நம்பி இதைச் செய்ய முடியாது. இன்னொன்றும் உண்டு: நீங்கள் ஏற்றும் கட்டுரையை மற்றவர்கள் ஒப்பிடும் பொதுக் களஞ்சியத்தில் இது சேர்த்துக்கொள்வதில்லை. மாணவர் டர்னிட்டினில் களஞ்சியத்தில் சேமிக்கும் அமைப்பு இருந்தால் கதை வேறு. வரைவை அங்கே ஒருமுறை போட்டுவிட்டு, திருத்திய பிரதியை அங்கேயே மறுபடி போட்டால், உங்கள் பேப்பர் உங்கள் பேப்பரோடு கிட்டத்தட்ட நூறு சதவீதம் ஒத்துப்போகிறது என்று சிவப்பாக வந்து நிற்கும். பதறுவார்கள். பதற ஒன்றுமில்லை, ஆனால் டெட்லைன் இரவில் அதை யாருக்கும் விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

அப்புறம் அந்தச் சதவீதம். இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. பேப்பரை ஏற்றினால் சில நிமிஷங்களில் மேலே ஒரு எண் வரும். அந்த எண்ணுக்குத் தனியாக எந்த அர்த்தமும் இல்லை. துணைநூற்பட்டியலைக் கணக்கில் சேர்க்கலாமா, மேற்கோள்களைச் சேர்க்கலாமா, இத்தனை வார்த்தைக்குக் குறைவான ஒற்றுமைகளை விட்டுவிடலாமா என்றெல்லாம் அமைப்புகள் இருக்கின்றன, அவற்றை மாற்றினால் அதே பேப்பர் முப்பதுக்கு மேலேயும் நிற்கும், பத்துக்குக் கீழேயும் இறங்கும். ஆனால் "ஒற்றுமை 20 சதவீதத்துக்குக் குறைவாக இருக்க வேண்டும்" என்று மட்டும் போட்டு, எந்த அமைப்பில் எடுத்த 20 என்று ஒரு வரி கூட எழுதாத அழைப்பிதழ்களை நிறையப் பார்க்கலாம். நிறுவனமே சொல்கிறது, இது ஒற்றுமையைக் காட்டும் கருவி, திருட்டு என்று முடிவு செய்ய வேண்டியது மனிதர் என்று. அதைக் கேட்பாரில்லை.

ஒரு பேப்பருக்கு 22 சதவீதம் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அறுபது எழுபது மூலங்கள், ஒவ்வொன்றிலும் "எங்கள் முறையின் செயல்திறனை மதிப்பிட" போன்ற துண்டுகள், டேட்டாசெட்டின் பெயர், ஆசிரியர்களின் முகவரி. அதில் ஒன்றுமே இல்லை. இன்னொன்றுக்கு 6 சதவீதம்தான். ஆனால் அந்த ஆறும் ஒரே மூலத்திலிருந்து, ஒரே இடத்தில், தொடர்ச்சியாக, அதுவும் "எங்கள் பங்களிப்பு" என்ற பகுதியில். எதைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது படிக்கிற எவருக்கும் தெரியும், எண்ணை மட்டும் பார்த்து வரிசைப்படுத்துகிற எக்ஸெல் ஷீட்டுக்குத் தெரியாது. ஐஇஇஇ தன் விதிகளில் திருட்டை 5 நிலைகளாகப் பிரித்திருக்கிறது. எவ்வளவு எடுக்கப்பட்டது என்பதோடு, மூலத்தைச் சொன்னாரா, எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெளிவாகக் காட்டினாரா என்பதையும் அது பார்க்கிறது. மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டு, வரிகளை மேற்கோளாகப் பிரித்துக் காட்டாமல் விடுவதும் அந்த 5 நிலைகளில் ஒன்று. ஐதென்டிகேட்டின் எண்ணில் இந்த வேறுபாடு எங்கும் இல்லை. அது ரிப்போர்ட்டின் உள்ளே, நிறம் பூசிய வரிகளில் இருக்கிறது. உள்ளே போய்ப் படிக்க அரை மணி நேரமாவது ஆகும். நூறு பேப்பர் வந்திருக்கும் மாநாட்டில் யார் படிப்பது என்பதுதான் நிஜமான பிரச்சினை.

எண்ணைக் குறைக்கும் வேலை தனியாக ஒரு நாசம். ஒரே குழு, ஒரே கருவி, ஒரே டேட்டாசெட் என்று தொடர்ந்து வேலை செய்பவர்களுக்கு சோதனை முறையை விவரிக்கும் பத்தி முந்தைய பேப்பரோடு ஒத்துப்போகத்தான் செய்யும். அது ஒத்துப்போவதுதான் நல்லது, ஏனென்றால் செய்தது ஒன்றேதான். ஆனால் ரிப்போர்ட்டில் மஞ்சள் தெரிகிறதே என்று அந்தப் பத்தியை உட்கார்ந்து மாற்றி எழுதுவார்கள். "ஐந்து முறை திரும்பச் செய்து சராசரி எடுத்தோம்" என்பது "பலமுறை செய்து" என்று ஆகும். அலகு மாறும், வரிசை மாறும், அடுத்து அதைத் திரும்பச் செய்து பார்க்கிறவர் தடுமாறுவார். எதையும் திருடாத ஒருவர், திருடவில்லை என்று காட்டுவதற்காகத் தன் பேப்பரைக் கெடுத்துக்கொள்கிறார். பழைய பேப்பரைக் குறிப்பிட்டு "முறை அங்கே சொன்னதுதான்" என்று ஒரு வரி எழுதி, பத்தியை அப்படியே வைத்து, சேருக்கு, அதாவது கமிட்டியின் தலைவருக்கு, தனியாக ஒரு குறிப்பு அனுப்புங்கள். விவரம் தெரிந்த சேர் ஏற்றுக்கொள்வார்.

திருட நினைப்பவர்களுக்கோ இது பெரிய தடையே இல்லை. 2005-இல் எம்ஐடி மாணவர்கள் மூன்று பேர் எழுதிய சைஜென் என்ற நிரல், அர்த்தமே இல்லாத கணினி அறிவியல் பேப்பர்களைத் தானாக உருவாக்கியது, அதில் ஒன்றை ஒரு மாநாடு ஏற்றும் கொண்டது. அவர்கள் அதை வேடிக்கையாகச் செய்தார்கள். ஆனால் 2014-இல் பிரெஞ்சு ஆய்வாளர் சிரில் லாபே தேடிப் பார்த்தபோது ஸ்பிரிங்கரும் ஐஇஇஇயும் வெளியிட்ட மாநாட்டுத் தொகுப்புகளில் அப்படிப்பட்டவை 120-க்கும் மேல் இருந்தன, திரும்பப் பெற வேண்டி வந்தது. எங்கிருந்தும் நகல் எடுக்காத குப்பையை ஒற்றுமைச் சோதனை குப்பை என்று சொல்லாது. அதன் கண்ணில் அது சுத்தமான பேப்பர்.

அதைவிட மோசம் வார்த்தை மாற்றும் மென்பொருள். லாபேயும் கீயோம் கபானாக்கும் அலெக்ஸாண்டர் மகாசினோவும் 2021-இல் இதைப் பற்றி விரிவாக எழுதினார்கள். செயற்கை நுண்ணறிவு என்பதற்குரிய ஆங்கிலச் சொல்லை எடுத்துவிட்டு "கவுன்டர்ஃபிட் கான்ஷியஸ்னஸ்" என்று போட்டிருப்பார்கள், பிக் டேட்டா என்பது "கொலோசல் இன்ஃபர்மேஷன்" ஆகியிருக்கும். துறையில் இருக்கும் எவரும் முதல் பக்கத்திலேயே சிரித்துவிடுவார்கள். ஆனால் வரிகள் எதனோடும் ஒத்துப்போகாது, சதவீதம் அழகாக ஒற்றை இலக்கத்தில் வரும். இந்த மாற்று வேலை நடப்பதே ஒற்றுமைச் சோதனையைத் தாண்டுவதற்காகத்தான் என்பதை யோசித்துப் பாருங்கள். டெபோரா வெபர்-வுல்ஃப் உள்ளிட்ட குழு 15 கருவிகளைச் சோதித்து 2020-இல் வெளியிட்ட ஆய்விலும் இதே நிலைதான்: அப்படியே வெட்டி ஒட்டினால் பிடிக்கின்றன, மாற்றி எழுதினாலோ மொழிபெயர்த்து எடுத்தாலோ திணறுகின்றன.

இதுவரை சொன்னது எழுத்து பற்றியது. மாநாட்டுக்குப் பேப்பர் அனுப்புவதில் வரும் ஒழுங்கீனங்களில் எழுத்துத் திருட்டு ஒரு பகுதிதான், என் அனுபவத்தில் பெரிய பகுதியும் அல்ல. ஒரே பேப்பரை ஒரே நேரத்தில் இரண்டு மாநாடுகளுக்கு அனுப்புவது எல்லாப் பெரிய மாநாடுகளும் தடை செய்திருக்கும் விஷயம். இரண்டும் இன்னும் வெளியாகாமல் மதிப்பாய்வில் இருந்தால் ஐதென்டிகேட்டுக்கு எப்படித் தெரியும்? சேர்கள் தங்களுக்குள் பட்டியலை ஒப்பிட்டுக்கொண்டால் தெரியும், அல்லது இரண்டு இடத்திலும் ஒரே மதிப்பாய்வாளருக்குப் போய் மாட்டினால் தெரியும். பின்னது நீங்கள் நினைப்பதைவிட அடிக்கடி நடக்கிறது, குறுகிய துறைகளில் படிக்கிற ஆட்கள் கொஞ்சம் பேர்தான். வேலையே செய்யாத ஒருவரின் பெயரை ஆசிரியர் வரிசையில் செருகுவது, வேலை செய்த மாணவரின் பெயரைக் கடைசி நேரத்தில் எடுத்துவிடுவது, ஒரே முடிவை மூன்று பேப்பராக நறுக்குவது, சாதகமாக வந்த சோதனையை மட்டும் அட்டவணையில் வைப்பது இதெல்லாம் எந்த நிறத்திலும் தெரியாது. கணினி அறிவியல் பேராசிரியர் மைக்கேல் லிட்மன் 2021-இல் கம்யூனிகேஷன்ஸ் ஆஃப் தி ஏசிஎம் என்ற கணினித் துறை இதழில் எழுதிய கூட்டுச் சதி விவகாரமும் அப்படித்தான். ஒருவருக்கொருவர் பேப்பரைக் கேட்டு வாங்கி மதிப்பாய்வு செய்து உயர்த்திவிடுகிற குழுக்கள், சொந்த வார்த்தையிலேயே எழுதியிருப்பார்கள்.

எனக்கு மறக்க முடியாத உதாரணம், லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் பற்றிய விவகாரம். மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், வேண்டுமென்றே பிழை புகுத்திய பேட்ச்களை (நிரல் திருத்தங்களை) அனுப்பி, பராமரிப்பவர்கள் கண்டுபிடிக்கிறார்களா என்று பார்த்தார்கள். சோதிக்கப்படுகிறோம் என்பது அந்தப் பராமரிப்பாளர்களுக்குத் தெரியாது, சம்மதம் கேட்கப்படவில்லை. அந்தப் பேப்பரை ஐஇஇஇயின் பாதுகாப்பு மற்றும் தனியுரிமை மாநாடு, துறையின் உச்சியில் இருப்பது, ஏற்றுக்கொண்டது. 2021 ஏப்ரலில் விஷயம் வெடித்து, கெர்னலின் மூத்த பராமரிப்பாளர் கிரெக் குரோ-ஹார்ட்மன் அந்தப் பல்கலைக்கழகத்தின் பங்களிப்புகளையே தடை செய்தார், பேப்பர் திரும்பப் பெறப்பட்டது. சதவீதத்தில் எந்தக் குறையும் இருந்திருக்காது. தப்பு எழுத்தில் இல்லை, யார்மீது சோதனை நடத்தினோம் என்பதில் இருந்தது. அதன் பிறகுதான் அந்த மாநாடு ஆய்வு நெறிக்கென்று தனிக் குழு வைத்தது. 2015-இல் சிக்காம் என்ற கணினி வலையமைப்பு மாநாட்டில் என்கோர் என்ற பேப்பர் வந்தது நினைவிருக்கலாம். ஒரு தளத்துக்கு வருகிறவரின் பிரவுசரை அவருக்கே தெரியாமல் தடை செய்யப்பட்ட முகவரிகளுக்கு அனுப்பி, தணிக்கையை அளந்த வேலை அது. தொழில்நுட்பமாக நன்றாக இருந்தது, ஆனால் கெடுபிடியான நாட்டில் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு அதனால் என்ன ஆகும் என்ற கேள்வி எழுந்தது. கமிட்டி அதை ஏற்றுக்கொண்டு, தங்கள் ஆட்சேபத்தைப் பேப்பரின் தலையிலேயே அச்சிட்டது. நேர்மையான ஏற்பாடு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இப்போது யூஸ்னிக்ஸ் செக்யூரிட்டி என்ற கணினிப் பாதுகாப்பு மாநாடு 2025 முதல் நெறிமுறை பற்றிய ஒரு பகுதியைக் கட்டாயம் ஆக்கியிருக்கிறது, நியூரிப்ஸ் என்ற ஏஐ மாநாடு 2021-இலிருந்து ஒரு செக்லிஸ்ட் நிரப்பச் சொல்கிறது. செக்லிஸ்ட்டை எல்லோரும் ஆம் ஆம் என்று தட்டிவிட்டுப் போகிறார்கள் என்ற புகார் நியாயமானதே. ஆனால் "ஆம்" என்று பொய்யாகத் தட்டியவர் பின்னால் மாட்டினால் தெரியாமல் செய்தேன் என்று சொல்ல முடியாது.

ஆசிரியரும் மதிப்பாய்வாளரும் ஒருவர் பெயர் மற்றவருக்குத் தெரியாத இரட்டை மறைப்பு மதிப்பாய்வில் இந்தக் கருவிக்கு ஒரு விசித்திரமான பக்கவிளைவு உண்டு. ஆர்க்கைவ் என்ற பொதுத் தளத்தில் ப்ரீபிரிண்ட் (மதிப்பாய்வுக்கு முந்தைய பிரதி) போடுவதைப் பல கணினி அறிவியல் மாநாடுகள் அனுமதிக்கின்றன. அப்படிப் போட்ட பேப்பரைச் சோதித்தால் 90-க்கு மேல் வரும், மூலப் பட்டியலில் முதல் வரியிலேயே ஆர்க்கைவ் இணைப்பு நிற்கும், அதைச் சொடுக்கினால் ஆசிரியர் பெயர். ரிப்போர்ட்டை மதிப்பாய்வாளருக்கு அப்படியே அனுப்புகிற மாநாட்டில் மறைப்பு அங்கேயே முடிந்தது. பெயர் தெரிந்தால் என்ன என்று கேட்பவர்களுக்கு: இணையத் தேடல் பற்றிய டப்ள்யூஎஸ்டிஎம் 2017 மாநாட்டில் நடத்திய பரிசோதனையில், ஆசிரியர் பெயர் தெரிந்த மதிப்பாய்வாளர்கள் புகழ்பெற்றவர்களின், பெரிய நிறுவனங்களின் பேப்பர்களுக்குக் கூடுதலாகச் சாய்ந்தார்கள். ரிப்போர்ட் சேரிடம் மட்டும் இருக்க வேண்டும், அவர் படித்துவிட்டுத் தேவையானதை மட்டும் சொல்ல வேண்டும்.

டர்னிட்டின் குடும்பத்தில் 2023 ஏப்ரலில் ஏஐ எழுத்தைக் கண்டுபிடிக்கும் வசதியும் வந்தது. என் அபிப்பிராயம், அதை அணைத்து வையுங்கள். பொதுவாக இந்த வகைக் கருவிகளைப் பற்றித்தான் சொல்கிறேன். ஓப்பன்ஏஐ தன்னுடைய கருவியையே துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் மூடிவிட்டது. அதே வருஷம் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 7 கண்டறியும் கருவிகளை எடுத்து, ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் எழுதிய 91 டோஃபெல் ஆங்கிலத் தேர்வுக் கட்டுரைகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். மனிதர்கள் எழுதிய அந்தக் கட்டுரைகளில் சராசரியாகப் பாதிக்கும் மேல் ஏஐ எழுதியது என்று வந்தது. எளிய சொற்களில், எதிர்பார்க்கிற மாதிரி எழுதினாலே சந்தேகம். நம்மைப் போலப் படித்துக் கற்ற ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள்தான் அதில் மாட்டுவார்கள். ஏஐயைத் திருத்தத்துக்குப் பயன்படுத்தியிருந்தால் மாநாட்டின் விதியைப் படித்து, சொல்லச் சொன்ன இடத்தில் சொல்லிவிடுவது தவிர வேறு வழி இல்லை. விதி மாநாட்டுக்கு மாநாடு மாறுகிறது. உதாரணத்துக்கு, ஐசிஎம்எல் என்ற இயந்திரக் கற்றல் மாநாட்டில் 2023-இல் மொழி மாதிரியே உருவாக்கிய உரையைத் தடை செய்தார்கள், சொந்த எழுத்தைத் திருத்தப் பயன்படுத்தலாம் என்றார்கள்.

ஒரு வசதியை மனதாரப் பாராட்டலாம். ஐதென்டிகேட்டின் புதிய பதிப்பில் மறைந்த எழுத்தையும் மாற்றிப் போட்ட எழுத்தையும் கொடி காட்டும் பகுதி இருக்கிறது. ஆங்கில எழுத்துக்குப் பதில் அதே உருவமுள்ள சிரிலிக் (ரஷ்ய மொழியின்) எழுத்தைப் போட்டு ஏமாற்றுவது, வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்தாக எதையாவது ஒளிப்பது, இரண்டும் அதில் தெரியும். 2025 ஜூலையில் ஜப்பானின் நிக்கெய் வெளியிட்ட செய்தியின்படி, ஆர்க்கைவில் இருந்த 17 பேப்பர்களில் "நல்லதை மட்டும் சொல்" என்கிற மாதிரி ஏஐக்கான கட்டளைகள் ஒளித்து வைக்கப்பட்டிருந்தன. மதிப்பாய்வை ஏஐயிடம் தள்ளிவிடும் சோம்பேறியைப் பிடிக்கத்தான் வைத்தோம் என்று சிலர் வாதாடினார்கள். அப்படியென்றால் "நல்லதைச் சொல்" என்று ஏன் எழுத வேண்டும்? இந்தக் கொடிப் பகுதியை ஒவ்வொரு சேரும் திறந்து பார்க்க வேண்டும், சதவீதத்துக்கு முன்பாகவே.

மதிப்பாய்வாளர்களுக்கு ஒன்று. உங்களிடம் வந்த பேப்பர் சந்தேகமாக இருந்தால் ஏதோ ஒரு இலவசத் தளத்தில் ஏற்றிப் பார்க்காதீர்கள், சாட்பாட்டிலும் ஒட்டாதீர்கள். அது இன்னும் வெளியாகாத, உங்களை நம்பிக் கொடுத்த வேலை. சேருக்கு எழுதுங்கள், அவரிடம் ஐதென்டிகேட் இருக்கும்.

இன்னொரு கவனம்: "எல்லாப் பேப்பரும் டர்னிட்டினில் சோதிக்கப்படும்" என்று பெருமையாகப் போட்டிருப்பதால் ஒரு மாநாடு நல்ல மாநாடு ஆகிவிடாது. 2016-இல் கிறிஸ்டோஃப் பார்ட்னெக் என்ற பேராசிரியர் போனின் ஆட்டோகம்ப்ளீட் தந்த வார்த்தைகளை வரிசையாகத் தட்டி, அணு இயற்பியல் மாநாடு ஒன்றுக்குச் சுருக்கமாக அனுப்பினார், மூன்று மணி நேரத்தில் ஏற்கப்பட்டது. அங்கே ஒற்றுமைச் சோதனை வைத்திருந்தாலும் அது தாண்டியிருக்கும். ஒரு மாநாட்டை நம்பலாமா என்று சரிபார்க்க உதவும் திங்க் செக் அட்டெண்ட் என்ற கேள்விப் பட்டியல் இலவசமாகக் கிடைக்கிறது, பணம் கட்டுவதற்கு முன் அதைப் பாருங்கள்.

சரி, வாங்கலாமா? தனி ஆய்வாளர் சொந்தக் காசில் வாங்க வேண்டியதில்லை. உங்கள் நிறுவனத்தில் இருந்தால் அனுப்புவதற்கு ஒரு வாரம் முன் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், டெட்லைன் இரவில் வேண்டாம். எண்ணைப் பார்க்காமல் நேராக மூலப் பட்டியலுக்குப் போய், ஒரே மூலத்தில் இரண்டு மூன்று சதவீதத்துக்கு மேல் இருப்பவற்றை மட்டும் திறந்து படித்து, மேற்கோள் குறி விட்டுப்போன இடத்தைச் சரி செய்யுங்கள். நான்கைந்து பேர் சேர்ந்து எழுதிய பேப்பரில் இது மிகவும் உதவும், ஏனென்றால் மற்றவர் எழுதிய பகுதி எங்கிருந்து வந்தது என்பது உங்களுக்குத் தெரியாது, பெயர் மட்டும் உங்களுடையது. மாநாடு நடத்துகிறவர்கள் என்றால் கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள். கூடவே ரிப்போர்ட்டைப் படிப்பதற்கென்று இரண்டு ஆட்களையும் போடுங்கள். ஆட்களுக்கு நேரமில்லை என்றால் சந்தா கட்டுவதும் தேவையில்லை.